குறை தெரிந்த போர்டு

அந்த டிரான்சிஸ்டருக்கு அங்கே வேலையே கிடையாது. பழைய சிப் ஒன்றின் வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய சிப்பை வடிவமைத்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. வீடு மாற்றும்போது பழைய வீட்டுச் சாவி பெட்டியின் அடியில் கிடந்து வந்துவிடும், அதுபோல. சாவியாவது சும்மா கிடக்கும். இந்த டிரான்சிஸ்டருக்கு மின் இணைப்பும் இருந்தது, அதுவும் அது தாங்கக்கூடியதைவிட அதிக வோல்டேஜில்.

2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ‘கூகர் பாயின்ட்’ என்று நிறுவனத்துக்குள் பெயர் வைத்திருந்த 6 வரிசை சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருக்கிறது. ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் செருகும் சாட்டா போர்ட்டுகள் சில நாளடைவில் வலுவிழக்கலாம். ஆகவே சிப் அனுப்புவதை நிறுத்துகிறோம். அந்தச் சிப்செட் உள்ள கணினிகள் விற்பனைக்கு வரத் தொடங்கியது ஜனவரி 9. இடையில் இருபத்திரண்டே நாள். பழுதுபார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர் ஆகும், அந்தக் காலாண்டு வருவாயில் 30 கோடி டாலர் குறையும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. அன்றைய மாற்று மதிப்பில் முதல் தொகை மட்டும் 3,000 கோடி ரூபாய்க்கு மேல். வேலையில்லாத ஒரு டிரான்சிஸ்டர் வைத்த செலவு அது.

மதர்போர்டு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பிரச்சினை இல்லாத போர்டு எது?” கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. பிழை இல்லாத சிப்செட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. பிழை எது, அது எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது, நம் வேலை அந்த மூலை வழியாகப் போகிறதா என்றுதான் கேட்க வேண்டும். அதற்குச் சிப்செட்டுக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்க வேண்டும்.

சிப்செட்டைப் பேருந்து நிலையம் என்று வைத்துக்கொள்ளலாம். செயலிக்குப் போக வேண்டிய தகவல் எல்லாம் ஹார்ட் டிஸ்கிலிருந்தும் யுஎஸ்பியிலிருந்தும் நெட்வொர்க்கிலிருந்தும் அங்கே வந்து சேர்ந்துதான் கிளம்பும். 1990-களில் நிலையம் இரண்டாக இருந்தது. நினைவகத்தையும் கிராபிக்ஸையும் பார்த்துக்கொண்ட விரைவு வண்டி நிலையம் ‘நார்த் பிரிட்ஜ்’. டிஸ்க், கீபோர்டு, சவுண்ட் கார்டு என்று மீதி எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிய நகரப் பேருந்து நிலையம் ‘சவுத் பிரிட்ஜ்’. 2011 வாக்கில் முதலாவதின் வேலை செயலிக்குள்ளேயே போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே சிப்.

நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஒரு சின்ன அறைக்குள் டைம் கீப்பர் உட்கார்ந்திருப்பார். அவர் வண்டி ஓட்டுவதில்லை, டிக்கெட் கிழிப்பதில்லை. விசில் மட்டும் ஊதுவார். அவருடைய கடிகாரம் பிசகினால் நிலையம் முழுக்கக் குழப்பம். சிப்செட்டுக்குள்ளும் அப்படி ஒருவர் உண்டு. பெயர் பிஎல்எல். வெளியே இருக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் மெதுவான துடிப்பை வாங்கிப் பல மடங்கு வேகமாக்கிச் சுற்றுகளுக்கு விநியோகிப்பது அதன் வேலை. விநியோகம் கிளை கிளையாகப் பிரிந்து போவதால் அந்த அமைப்பை ‘கடிகார மரம்’ என்பார்கள். விநாடிக்கு 3 கிகாபிட் வேகத்தில் ஓடும் சாட்டா போர்ட்டில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போகும். அவ்வளவு குறுகிய இடைவெளியின் நடுவில் சரியாக விசில் ஊத வேண்டும்.

கூகர் பாயின்ட்டில் ஆறு சாட்டா போர்ட்டுகள். 0, 1 என்ற எண் கொண்ட இரண்டும் 6 கிகாபிட் வேகம். 2 முதல் 5 வரை நான்கும் 3 கிகாபிட். வேலையில்லாத டிரான்சிஸ்டர் குடியிருந்தது அந்த நான்கின் கடிகார மரத்தில்.

டிரான்சிஸ்டரின் கதவுக்கும் உடம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஆக்சைடுப் படலம் ஒன்று இருக்கும். அந்தச் சிப்செட்டைச் செய்த 65 நானோமீட்டர் தலைமுறையில் மிக மெல்லிய படலங்களின் கனம் சுமார் 1.2 நானோமீட்டர், அதாவது நாலைந்து அணு அடுக்கு. படலம் மெல்லியதாக இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே டிரான்சிஸ்டர் திறக்கும், நல்லதுதான். ஆனால் மெல்லிய படலத்தின் மேல் அதிக வோல்டேஜை வைத்தால் மின்சாரம் கசியும். ஏரிக்கரை ஒரே நாளில் உடைவதில்லை. நண்டு ஒரு வளை தோண்டும், தள்ளி இன்னொரு நண்டு இன்னொரு வளை தோண்டும். வளையோடு வளை சேர்ந்து கரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வழி கிடைக்கும் அன்றுதான் தண்ணீர் பாயும். ஆக்சைடு மூப்படைவதும் இப்படித்தான். நுழையும் எலக்ட்ரான்கள் அங்கங்கே சிறு பழுதுகளை விட்டுச் செல்லும். பழுதுகள் கூடக் கூடக் கசிவும் கூடும்.

கசிவு கூடினால் டைம் கீப்பரின் விசில் முன்னே பின்னே கேட்கும். பிட் தவறாக வாசிக்கப்படும். சாட்டாவில் ஒவ்வொரு தகவல் கட்டோடும் சிஆர்சி என்ற 32 பிட் சரிபார்ப்பு எண் வருவதால் தவறு அநேகமாகப் பிடிபட்டுவிடும். “மறுபடி அனுப்பு” என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் எதுவும் தெரியாது. கணினி கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று தோன்றும். வைரஸ் என்று நினைப்பார், விண்டோஸைத் திரும்பப் போடுவார். ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் வரிசையில் ‘சிஆர்சி பிழை எண்ணிக்கை’ என்று ஒன்று இருக்கும். அது மெல்ல ஏறிக்கொண்டிருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். (கேபிள் கெட்டாலும் அதே எண் ஏறும் என்பதால், அந்த எண்ணைப் பார்த்தவுடன் போர்டைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஐம்பது ரூபாய் கேபிளை மாற்றுங்கள்.)

இருபத்திரண்டு நாள் வயதுள்ள சிப், சில வருடம் கழித்து என்ன ஆகும் என்று எப்படிச் சொன்னார்கள்?

1889-இல் ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ், அமிலத்தில் கரும்புச் சர்க்கரை சிதைவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வெப்பம் கூடும்போது வேதிவினையின் வேகம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்ற சூத்திரம் அதில் இருக்கிறது. சிலிக்கான் தொழிற்சாலைகள் பிற்காலத்தில் அதையே எடுத்துக்கொண்டன. சிப்பை அடுப்பு போன்ற பெட்டியில் வைத்து, வோல்டேஜையும் கூட்டி ஓட்டினால், வருடங்களில் வர வேண்டிய மூப்பு வாரங்களில் வந்துவிடும். மாங்காயை வைக்கோலில் புதைத்துப் பழுக்கப் போடுவது மாதிரி. அப்படிச் சோதித்து வந்த எண்: மூன்று வருட உபயோகத்தில், உபயோகிக்கும் விதத்தைப் பொறுத்து, 5 முதல் 15 சதவீதம் சிப்புகளில் அந்த நான்கு போர்ட்டுகள் தகராறு செய்யும்.

இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். நூற்றுக்குப் பதினைந்து என்றால் விற்பவருக்குப் பேரிடி. வாங்கியவருக்கோ, மோசமான கணக்கிலும் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் ஒன்றும் தெரியாமலே மூன்று வருடத்தைக் கடந்துவிடுவார்கள். இரண்டும் உண்மை.

அடுத்து நடந்ததைத்தான் நான் ரசித்தேன். பிப்ரவரி 7 அன்று இன்டெல் அதே பழுதுள்ள சிப்பை மறுபடி அனுப்ப ஆரம்பித்தது. நிபந்தனை ஒன்றுதான். வாங்குகிற கணினி நிறுவனம் 0, 1 போர்ட்டுகளை மட்டும் பயன்படுத்துகிறது, அல்லது டிஸ்குக்கு வேறு வழி வைத்திருக்கிறது என்று இருக்க வேண்டும். அன்றைய லேப்டாப்பில் ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ். இரண்டு போர்ட் போதும். மற்ற நான்கும் வெறுமனே கிடக்கும். அந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்தச் சிப்பில் பழுதே இல்லை.

பழுதுபட்ட பதிப்புக்கு பி2 என்று பெயர். திருத்திய பதிப்பு பி3. (தமிழில் எழுதினால், இதே 6 வரிசையைச் சேர்ந்த பி67 என்ற சிப்செட் பெயரில் வரும் பி-யும் பி2-வில் வரும் பி-யும் ஒன்றுபோலத் தெரிகின்றன. முன்னது வகை, பின்னது அச்சு எண்.) திருத்தம் என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும். டிரான்சிஸ்டருக்குப் போன மின் இணைப்பை உலோக அடுக்கில் துண்டித்தார்கள். அவ்வளவுதான். பழைய வீட்டுச் சாவி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பெட்டி இல்லாத பி67 போர்டு ஒன்றைப் பார்த்தேன். புதுசின் பாதி விலை. கடைக்காரர் போர்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, சாட்டா போர்ட்டுகளை விரலால் தொட்டுக் காட்டினார். “சார், இது பி2. ஒளிச்சு விக்கல. இந்த ரெண்டுல மாட்டுங்க, ஓடும். இந்த நாலு எப்ப வேணா போகும், அதுக்கு எங்கிட்ட வரக்கூடாது.” செயலி செருகும் சாக்கெட்டின் ஊசிகள் ஒன்றும் வளையவில்லை என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வாங்கினேன். ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், 0, 1. மற்ற நான்கு துளைகளிலும் யாரும் எதையும் செருகிவிடாதபடி காகித டேப் ஒட்டினேன். பல வருடம் என் எழுத்து வேலையெல்லாம் அதில்தான் நடந்தது.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ‘பிழை – திருத்தம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. சிறுவனாக இருந்தபோது அதைப் பார்த்தால் ‘இவ்வளவு தப்பா’ என்று தோன்றும். பிறகுதான் புரிந்தது, பட்டியல் இல்லாத புத்தகத்தில் தப்பு இல்லை என்று அர்த்தமில்லை. யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். சிப் நிறுவனங்களும் இதே பட்டியலை வெளியிடுகின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் எண், எப்போது வெளிப்படும், தப்பிக்கும் வழி, எந்தப் பதிப்பில் திருத்தம் என்று வரிசையாக இருக்கும். நிலை என்ற இடத்தில் ‘திருத்தப் போவதில்லை’ என்று பல வரிகளில் எழுதியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தச் சிப்புகள்தான் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன.

எல்லாப் பிழையும் ஒரே ஜாதி அல்ல. இதைப் புரிந்துகொள்ள 2000, 2001-ஆம் ஆண்டுகளை விடச் சிறந்த பாடம் இல்லை.

அப்போது இன்டெல்லின் புதிய சிப்செட் 820. ராம்பஸ் என்ற விலை உயர்ந்த நினைவகத்துக்காகச் செய்தது. விலையைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கவே, பழைய, மலிவான எஸ்டிரேமையும் பொருத்தலாம் என்று நடுவே ஒரு மொழிபெயர்ப்புச் சிப்பை வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் இரைச்சலில் தடுமாறினார். கணினி திடீரென்று உறைந்தது, தானாக மறுபடி கிளம்பியது, தகவலும் கெடலாம் என்று தெரிந்தது. 2000 மே மாதம் அந்தப் போர்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்டெல் அறிவித்தது.

எதிர் முகாமில் ஏஎம்டியின் அத்லான் செயலி. வேகம், விலையும் சகாயம். அதற்குச் சிப்செட் பெரும்பாலும் தைவானின் வியா நிறுவனத்துடையது: கேடி133, அதன் துணையாக 686பி என்ற சவுத் பிரிட்ஜ். ஒரு ஐடிஇ கேபிளில் இருக்கும் டிஸ்கிலிருந்து இன்னொரு கேபிளில் இருக்கும் டிஸ்குக்குப் பெரிய கோப்பை நகலெடுத்தால், முக்கியமாக சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டும் செருகியிருந்தால், நகல் கெட்டுப்போனது. நிற்கவில்லை, திட்டவில்லை, ‘நகலெடுத்தாயிற்று’ என்றே சொன்னது. ஜிப் கோப்பை ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். சவுண்ட் கார்டா, சிப்செட்டா என்று பழி இங்கும் அங்கும் போனது. கடைசியில், கணினியைத் தொடக்கி வைக்கும் நிரலான பயாஸில், பிசிஐ பாதையின் சில அமைப்புகளை மாற்றி அடக்கினார்கள். லினக்ஸ் கெர்னலின் பிசிஐ பகுதியில் ஊர்வம்புகளைத் தொகுத்து வைத்தது போன்ற ஒரு கோப்பு உண்டு. வியாவுக்கான அந்தத் திருத்தம் அதில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே வாங்க நின்றவர் என்ன செய்தார்? விவரம் தெரிந்த பலர் பின்னால் திரும்பி 1998 ஏப்ரலில் வந்த 440பிஎக்ஸ் சிப்செட்டையே வாங்கினார்கள். அதிலும் குறை உண்டு. அது 100 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்தது. புதிய செயலிக்காக 133-க்கு முடுக்கினால், மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கில் கிராபிக்ஸ் பாதை 66-க்குப் பதில் 89 மெகாஹெர்ட்ஸில் ஓடும். எல்லோருக்கும் தெரிந்த குறை. கிராபிக்ஸ் கார்டு தாங்குமா தாங்காதா என்பது முதல் நாள் மாலைக்குள் தெரிந்துவிடும். தாங்கினால் நிம்மதி. இந்தச் சிப்செட்டுக்கு ஆயுசு கெட்டி. விஎம்வேர் மென்பொருளில் ஒரு கற்பனைக் கணினியை உருவாக்கி உள்ளே பாருங்கள், மதர்போர்டு இருக்கும் இடத்தில் 440பிஎக்ஸ் என்று வரும்.

என் தரவரிசை இது. நின்றுபோகும் பிழை மேல். எரிச்சல்தான், ஆனால் யோக்கியமானது. மெல்லத் தேயும் பிழை அதற்கு அடுத்தது; கண்காணித்தால் பிடிக்கலாம். பொய் சொல்லும் பிழை, அதாவது தகவலைக் கெடுத்துவிட்டுச் ‘சரி’ என்று சொல்வது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கூகர் பாயின்ட் நடு ஜாதி. 686பி கடைசி ஜாதி. பயாஸ் திருத்தம் வந்த பிறகும் நான் அந்தப் போர்டில் வீட்டுப் புகைப்படங்களை வைத்திருக்க மாட்டேன்.

கூகர் பாயின்ட் கதை அத்தோடு முடிந்திருந்தால் ஒரு தனி விபத்து என்று விட்டுவிடலாம். 2017 பிப்ரவரியில் சிஸ்கோ நிறுவனம் தன் நெட்வொர்க் கருவிகள் சில சுமார் 18 மாதம் ஓடிய பிறகு செத்துப்போகலாம் என்று எச்சரித்தது. ஒரு கடிகாரப் பாகம் காரணம் என்றது, செய்தவர் யார் என்று சொல்லவில்லை. அதே சமயத்தில் இன்டெல் தன் ஆட்டம் சி2000 சிப்பின் பிழைப் பட்டியலில் ஏவிஆர்54 என்ற வரியைச் சேர்த்திருந்தது. எல்பிசி என்ற பாதைக்கான கடிகார வெளியீடு நின்றுபோகலாம் என்பது அதன் சாரம். பயாஸை வாசிப்பது அந்தப் பாதை வழியாகத்தான் என்பதால் கருவி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் அந்தச் சிப் இருந்தது. ஒரு சிறு ரெசிஸ்டரைப் பற்றவைத்து அவற்றை எழுப்பி, தகவலை வெளியே எடுத்தவர்கள் உண்டு.

2024-இல் மூன்றாவது முறை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் நிலைகுலைந்தன. விளையாட்டு பாதியில் செத்தது, நிரல்கள் காரணமில்லாமல் விழுந்தன. அந்த செப்டம்பரில் நிறுவனம் சொன்ன காரணம்: செயலியின் உட்கருவில் இருக்கும் கடிகார மரச் சுற்று, அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் சீக்கிரம் மூப்படைகிறது.

2011, 2017, 2024. மூன்றும் மூன்று விதமான தவறு. விழுந்த இடம் ஒன்று. மற்ற சுற்றுகளுக்கு ஓய்வு உண்டு, கொஞ்சம் நேரச் சலுகையும் உண்டு. ஒரு பாதை சில பிகோ விநாடி தாமதமானால் யாரும் கேட்க மாட்டார்கள். டைம் கீப்பருக்கு ஓய்வும் கிடையாது, சலுகையும் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. வேறு இடத்தில் வெளியே தெரியாத சிறு மூப்பு அவரிடம் வந்தால் நிலையம் ஸ்தம்பிக்கிறது.

இதில் போர்டு வாங்குபவருக்கு நேரடியான சேதி இருக்கிறது. 2024 விவகாரத்துக்கு இன்டெல் அடுக்கிய காரணங்களில் ஒன்று, மதர்போர்டுகள் தொழிற்சாலை அமைப்பிலேயே வழிகாட்டு அளவைத் தாண்டி மின்சாரம் கொடுத்தது. ‘பெட்டியைத் திறந்தவுடன் கூடுதல் வேகம்’ என்று விற்ற போர்டுகள் செயலியின் ஆயுளைச் செலவழித்துத்தான் அந்த வேகத்தைக் கொடுத்தன. வண்ண விளக்கும் கவசத் தகடும் உள்ள போர்டைவிட, அலுவலகத்துக்குச் செய்த சாதுவான போர்டை நான் எடுப்பதற்கு இது ஒரு காரணம். அந்தத் தலைமுறைச் செயலி உங்களிடம் இருந்தால், பயாஸில் 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கெட்ட செயலியை அது குணப்படுத்தாது. நல்ல செயலி கெடாமல் காக்கும். உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள்.

வெப்பத்துக்கும் மூப்புக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் என் மேசை இழுப்பறையில் 2003-ஆம் வருட போர்டு ஒன்று கிடக்கிறது. செயலி சாக்கெட்டின் ஓரத்தில் ஒன்பது கெபாசிட்டர்கள், சுண்டுவிரல் நுனி அளவு உருளைகள். உச்சியில் சிலுவை போல ஒரு கீறல் வெட்டியிருப்பார்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்காமல் அங்கே பிளக்கட்டும் என்று. ஐந்தின் தலை மட்டமாக இருக்கிறது. நான்கின் தலை குழிப்பணியாரம் போல உப்பியிருக்கிறது. அதில் ஒன்றின் கீறல் வழியே பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. அந்த வருடங்களில் செய்த பல மலிவு கெபாசிட்டர்களின் மின்பகுளியில் அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் சரியாக இல்லை. அலுமினியத்தோடு தண்ணீர் வினை புரிந்து ஹைட்ரஜன் வாயு சேர்ந்து தலையைத் தூக்கியது. திருடிய சூத்திரத்தை அரைகுறையாக நகலெடுத்ததால் வந்த வினை என்று ஒரு கதை அப்போது பரவலாக உலவியது.

ஒழுங்காகச் செய்த திரவ கெபாசிட்டருக்கும் கணக்கு உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று உறையில் போட்டிருந்தால், பத்து டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் வழக்கமான கணிப்பு. 65 டிகிரியில் 32,000 மணி நேரம். இரவு பகல் ஓடினால் மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். திடப் பாலிமர் கெபாசிட்டருக்கு இருபது டிகிரிக்குப் பத்து மடங்கு என்று கணக்கு. அதே 65 டிகிரியில் 2,00,000 மணி நேரம். சித்திரை மாதத்தில் அறையே 38 டிகிரி இருக்கும் ஊரில் இந்த வித்தியாசம் சின்னது அல்ல. செயலியைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இல்லாத, தலை மட்டமான குட்டை உலோக உருளைகள் இருந்தால் அவை அநேகமாகத் திட வகை. ஓரத்தில் சவுண்ட் பகுதிக்கு அருகே இரண்டொன்று பழைய வகையாக இருந்தால் பரவாயில்லை.

இனி கடைக்குப் போகலாம். புதிதாக வந்து மூன்று வாரமான சிப்செட்டை வாங்காதீர்கள். பிழைப் பட்டியல் எழுதி முடியாத புத்தகம் அது. வெளியாகி ஒரு வருடமான சிப்செட், திருத்திய பதிப்பு, அந்தப் போர்டின் இணையப் பக்கத்தில் தொடர்ந்து பயாஸ் புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும் தயாரிப்பாளர். இந்த மூன்றும் சேர்ந்தால் பிராண்டு பெயரைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். கடை அலமாரியில் பழைய பயாஸோடு தூங்கிய போர்டுகள் உண்டு என்பதால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது. இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இல்லாமல் அந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் சிப்செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய சாமான் கடைகளில் பி67 போர்டு கண்ணில் பட்டால், பெயரின் பின்னால் பி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் அதற்குப் பதில் ‘ரெவ் 3.0’ என்று போட்டார்கள். இரண்டும் இல்லையென்றால் அது பி2-வாக இருக்கலாம். சாட்டா போர்ட்டுகளில் இரண்டு பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும். கையேட்டில் 0, 1 எவை என்று உறுதி செய்துகொண்டு, டிஸ்கை அவற்றில் மட்டும் செருகுங்கள். விலையில் பாதி கேளுங்கள்.